ஆறாம் வீட்டு முறை

ராஜகனிக்குக் கொட்டியிருக்க வேண்டிய முடி டீக்கடைப் பாண்டிச்செல்வத்துக்குக் கொட்டியது ஆவணி மாதம் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, பால் வண்டி வந்து போன பிறகு, காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பதற்கு முன்னால். இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், நாட்டுக்கே தேதி அச்சடித்துக் கொடுக்கிற ஊர் எங்கள் ஊர். இங்கே ஒருவருக்குக் கால் இடறினாலும் அன்றைக்கு என்ன கிழமை, கரிநாளா முகூர்த்த நாளா என்று விசாரித்த பிறகுதான் காலில் அடி பட்டதா என்று கேட்பார்கள்.

ராஜகனி எங்கள் தெருவில் ஆறாம் வீடு. நான் ஏழாம் வீடு. அவள் காலண்டர் கம்பெனியில் தாள்கட்டுக்குத் தலையில் தகரம் அடிக்கிற வேலை பார்த்தாள். அவள் புருஷன் சீனிராஜ் லோடு வண்டி ஓட்டினார். பெண் சுபிக்‌ஷா பன்னிரண்டாம் வகுப்பு. ராஜகனியின் சடை இடுப்பைத் தாண்டி முழங்காலை எட்டிப் பார்க்கும். மெஷினில் சிக்கிவிடக் கூடாதென்று அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, கொண்டைக்கு மேல் துண்டு கட்டி, துண்டுக்கு மேல் கிளிப் போட்டுக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போவாள். தபால்காரருக்கு அவள் வீட்டு நம்பர் தெரியாது, சடைக்காரம்மா வீடு என்றால்தான் தெரியும். எனக்கும் முடி உண்டு. அதை யாரும் அடையாளமாகச் சொன்னதில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதத்தில் அவளுடைய இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை என்று ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், கட்டி சுருங்கியதும் ஆபரேஷன் என்றார்கள். அதையெல்லாம் ராஜகனி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் நர்ஸ்தான், முடி கொட்டலாம் அக்கா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, கொட்டினால் பதினாலாம் நாள் வாக்கில் ஆரம்பிக்கும், மருந்து முடிந்ததும் திரும்ப வளர்ந்துவிடும் என்று நல்லவிதமாகச் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் ராஜகனி என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கட்டிக்குக்கூட நான் பயப்படவில்லை, இந்தக் கொட்டலாமுக்குத்தான் பயமாக இருக்கிறது என்றாள். கொட்டும் என்றால் அழுது முடித்துவிடலாம், கொட்டாது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம், கொட்டலாம் என்றால் பதினாலு நாளும் ஒவ்வொரு மயிராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்றாள்.

கிடந்தாள். இரண்டாம் வீட்டுத் தையல்காரி சொர்ணலதா மெல்லிசுப் பருத்தியில் தலைக்குக் கட்ட ஆறு துணி தைத்துக் கொண்டுவந்தாள், வழவழப்பான துணியில் தலையணை உறையும் தைத்தாள். இப்போதே குட்டையாக வெட்டிவிட்டால் கொட்டும்போது வலிக்காது என்று புத்தியும் சொன்னாள். சீனிராஜ் மதுரையில் டோப்பா விலை விசாரித்துவிட்டு வந்து திட்டு வாங்கினார். சுபிக்‌ஷா நானும் உன்னோடு மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அதைவிடப் பெரிய திட்டாக வாங்கினாள். எதையும் வெட்ட மாட்டேன், வருவது வரட்டும் என்று ராஜகனி சீப்பைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

இங்கே எங்கள் தெருக்குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழாய், எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். யாருக்கு அடுத்து யார் என்ற முறையைப் பழைய காலண்டர் அட்டையின் முதுகில் எழுதிக் குழாயடியில் தொங்கவிட்டிருக்கிறோம். குழாயடியில் நாங்கள் பேசாத பேச்சு கிடையாது, ஒருத்தர் குடத்தை ஒருத்தர் உருட்டிவிட்டதும் உண்டு. ஆனாலும் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளை பெற்ற வீடு, சாவு விழுந்த வீடு, நோயாளி கிடக்கிற வீடு இவர்கள் வரிசைக்கு வரக் கூடாது; மற்ற வீட்டார் முறை வைத்து அவர்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அதன்படி ராஜகனி வீட்டுக்கு ஒரு மருந்துக்கு ஒரு வீடு என்று முறை போட்டோம். முதல் மருந்துக்கு முதல் வீடான பாண்டிச்செல்வம் ஏழு குடம் சுமந்து ஊற்றினான்.

பதினாலாம் நாள் விடிந்ததும் ராஜகனி மடியில் துண்டை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். வலித்தது, முடி வரவில்லை. அதே நேரத்தில் முதல் வீட்டில் பாண்டிச்செல்வம் எழுந்து உட்கார்ந்தான், அவன் முடி எழுந்திருக்காமல் தலையணையிலேயே படுத்திருந்தது. ஒரு பக்கம் சரித்துச் சீவி நெற்றியில் ஒரு சுருள் விட்டிருப்பானே, அந்தச் சுருள் உட்பட அப்படியே இருந்தது. அவன் அதைச் செய்தித்தாளில் மடித்து வைத்துவிட்டுப் போய்க் கடையைத் திறந்தான். டீ குடிக்க வந்தவர்கள் பழனிக்குப் போனாயா என்று கேட்டார்கள், இல்லை என்றான், சீனி கம்மியாகப் போடு என்றார்கள்.

உப்புத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டாவது மருந்துக்கு முறை சொர்ணலதாவுடையது. அவள் சுமந்து ஊற்றிய பத்தாம் நாள், அதுவும் வியாழக்கிழமைதான், பிச்சிப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது பூ கையோடு வந்தது, பூவோடு சடையும் வந்தது. அவள் ஒரு வாய் காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் அழுதாள். பிறகு ராஜகனிக்குத் தைத்துக் கொடுத்த ஆறு துணியில் மூன்றைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்குத்தான் விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது. ராஜகனி வீட்டுத் தண்ணீரை யார் சுமக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ராஜகனியின் முடி கொட்டுகிறது.

ஏன் என்று யாரும் ஆராயவில்லை, ஆராய்ந்தால் தண்ணீர் வந்துவிடப் போகிறதா. இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. நோயாளி வீட்டுக் குடத்தைக் காலியாக விட்ட தெரு என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது, அதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அதே சமயம் யாருக்கும் மொட்டைத் தலை வேண்டாம், அதிலும் ஒரே கருத்து. மூன்றாம் வீட்டுக்காரி மாரிக்கனி குழாய்த் தண்ணீர்தானே வில்லங்கம் என்று கேன் தண்ணீர் வாங்கி, அதையும் தான் தொடாமல் புருஷன் கையில் கொடுத்து அனுப்பினாள். வியாழக்கிழமை புருஷனுக்குக் கொட்டியது. நாலாம் வீட்டில் ஐப்பசிக் கடைசியில் கல்யாணம். பெண்ணுக்கு வந்துவிடக் கூடாதென்று தாய்மாமன் ஜெயக்கொடி சுமந்தார். அவருக்குக் கொட்டியதை மாப்பிள்ளை வீட்டார் நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டு, பக்தியான குடும்பம் என்று ஒரு பவுன் குறைத்துக் கேட்டார்கள்.

ஐந்தாம் வீட்டில் ரிட்டயர்டு கண்டக்டர் தர்மர். அவருக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை. ஏழு குடத்தையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு சுமந்து, நம்மிடம் எதைப் பிடுங்க முடியும் என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். வியாழக்கிழமை அவருடைய புருவம் இரண்டும், காதோர முடியும் போயின. அதிலிருந்து அவர் கோபப்பட்டாலும் ஆச்சரியப்பட்டாலும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் ராஜகனி தலையில் ஒரு முடி குறையவில்லை. குறையாதது மட்டுமில்லை, அந்தச் சடையால் அவளை யாரும் நோயாளி என்றே நம்பவில்லை. இரண்டாவது மருந்துக்குச் சீனிராஜுக்கு லோடு இருந்ததால் பாண்டிச்செல்வம் துணைக்குப் போனான். பஸ்ஸில் கண்டக்டர் அவன் தலையைப் பார்த்து, பாவம், உட்காருங்கள் என்று ஒருவரை எழுப்பிச் சீட்டைக் கொடுத்தார். ராஜகனியிடம், நோயாளிக்குத் துணையாக வந்தவர் கொஞ்சம் நின்றுகொள்ளக் கூடாதா என்றார். பாண்டிச்செல்வம் எழுந்து இடம் கொடுத்தால் பஸ்ஸே அவளைத் திட்டியது. சொந்தக்காரர்கள் ஆர்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, வழியில் பார்த்த சொர்ணலதாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சீனிராஜின் தங்கச்சி ஒரு நாள் வந்து அண்ணியின் சடையை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, நோய்தானா, இல்லை வேலைக்குப் போக வலிக்கிறதா என்று கேட்டேவிட்டாள்.

வாந்தியெல்லாம் ராஜகனிக்கே வந்தது. வாய்ப்புண் அவளுக்கே வந்தது. நகமும் அவளுக்கே கறுத்தது. முடி மட்டும் அடுத்த வீட்டுக்குப் போனது. அதனால் அவளுக்கு ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. முடி தெருவுக்குப் போனால் மருந்தும் தெருவுக்குத்தானே போகும், தன் கட்டி அப்படியே கிடக்க, இல்லாத கட்டியெல்லாம் பாண்டிச்செல்வத்துக்குக் கரைந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று அவள் என்னிடம் கேட்டாள். மூன்றாவது மருந்துக்குப் பிறகு தானே தண்ணீர் பிடிக்கிறேன் என்று குடத்தோடு கிளம்பி, வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். இனி இந்தப் பக்கம் குடத்தோடு வந்தால் குடத்தை உடைத்துவிடுவேன் என்று சொர்ணலதா மொட்டைத் தலையோடு நின்று கத்தினாள்.

நாலாவது மருந்துக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். நெல்லிக்காய் மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. மருந்து போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று தெரிந்த அன்று ராஜகனி மூன்று இட்லி சாப்பிட்டாள். தெருவில் எல்லாரும் எங்கள் தலையைத் தடவிக்கொண்டு பெருமைப்பட்டோம். எங்கள் என்று சொல்லக் கூடாது, என் தலையில் அப்போதும் முடி இருந்தது.

ஆறாவது மருந்து கார்த்திகை மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. ஆறாம் வீடு ராஜகனியின் வீடே. அதைத் தாண்டினால் ஏழாம் வீடு, நான். காலண்டரில் அந்த வாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தலைக்குப் போனது. என் மகனுக்குத் தை மாதம் நிச்சயம் வைத்திருந்தோம், போட்டோவெல்லாம் எடுப்பார்கள். அதெல்லாம் சாக்குத்தான். முடியை விடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் உண்மை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே என்று, ராஜகனியிடம் போய், மதினி, இந்தத் தடவை நான் ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எவ்வளவு மனசில்லாமல் சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.

மறுநாள் காலையில் சுபிக்‌ஷா என் வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மாவின் சடைக்கு வாரிசு அவள்தான், இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டியிருந்தாள்.

"அத்தை, ஆறாவது எங்க வீடு. எங்க முறைய நான் பிடிச்சுக்கிறேன். நீங்க வராதீங்க."

பரீட்சை வருகிறதே, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டேன். வளர்ந்துவிடும் என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். தெரிந்தால் விடுவார்களா, நீங்களும் சொல்லாதீர்கள் என்றாள். நான் சரி என்றேன். அந்தச் சரியை எவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினேழு வயசுப் பிள்ளை என் தலையைக் காப்பாற்ற வந்து நிற்கிறது, நான் அதற்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் ராஜகனிக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் ஓரமாகப் படுத்துக் கிடக்கிறவளுக்குத் தெருவில் எதுதான் தெரியாது. அதை மகளிடம் காட்டிக்கொள்ளாமல் மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, மூன்று நாள் கஞ்சியைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தண்ணீர் திறந்துவிடுகிறவரின் விசில் தெருமுனையில் கேட்டபோது எழுந்து உட்கார்ந்தாள். சுபிக்‌ஷா குளித்துக்கொண்டிருந்தாள். ராஜகனி சுவரைப் பிடித்தபடி போய்க் குளியலறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம். சடையை முடிந்துகூடப் போடாமல், அது முதுகில் கிடந்து ஆட, ஒரு அடிக்கு ஒருமுறை நின்று நின்று அவள் வந்தாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து சுபிக்‌ஷா கதவைத் தட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சொர்ணலதா குடத்தை வாங்க ஓடினாள். ராஜகனி அவளைப் பார்த்தாள்.

"தொடாத. ஆறாவது யார் வீடு?"

தர்மர் அட்டையைப் பார்த்துவிட்டு, உன் வீடுதான் தாயி என்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆனால் குரல் உடைந்திருந்தது.

"அப்ப விடுங்க. எம் மக தலையில ஒரு முடி கொட்ட நான் விட மாட்டேன். உங்க தலையிலயும் போதும்."

பாண்டிச்செல்வம் அரைக் குடம் போதும் அக்கா என்று மட்டும் சொன்னான். அவள் அரைக் குடம் பிடித்தாள். குழாயிலிருந்து ஆறாம் வீட்டுக்கு நாற்பது எட்டு இருக்கும். மூன்று இடத்தில் குடத்தை இறக்கி வைத்து, பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு நாங்கள் பதினோரு வீட்டாரும் பின்னாலேயே நடந்தோம், எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணீர் தெருவில் ஓடியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்குள் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். சுபிக்‌ஷா ஈரத் தலையோடு வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, கண்டபடி திட்டினாள். ராஜகனி பிள்ளையின் சடையைப் பிடித்து, நன்றாகத் துவட்டு, சளி பிடிக்கும் என்றாள்.

பதினாலாம் நாள், கார்த்திகை பதினாறு, வியாழக்கிழமை, என்னைக் கூப்பிட்டனுப்பினாள். துண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். பரணிலிருந்து சீப்பை இறக்கியிருந்தாள். ஒரு இழுப்பு இழுத்ததும் ஆற்றங்கரைக் கோரையை வெள்ளம் வந்து எடுத்துப் போகிற மாதிரி ஒரு பக்கம் முழுசும் வந்தது. நான் அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் நடுநடுவே, எனக்கே கொட்டுது மதினி, பார்த்தியா, எனக்கே கொட்டுது என்றாள். முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்தாள். பின்மண்டையில் பிறந்ததிலிருந்து இருந்த ஒரு மச்சத்தை அன்றைக்குத்தான் அவள் வீட்டார் பார்த்தார்கள்.

முறைப்படி புதன்கிழமை வர வேண்டிய தண்ணீர் அடுத்த நாள் வெள்ளிக்கிழமைதான் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் திறந்துவிட வந்தவர் ஊருக்குப் புதுசு. அட்டை மழையில் நனைந்து எழுத்து கலைந்து போயிருந்ததால், யாருக்கு அடுத்து யார் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முன்னால் நின்ற பாண்டிச்செல்வத்துக்குச் சீவிக்கொள்கிற அளவு முடி வளர்ந்திருந்தது. சொர்ணலதாவுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, மாரிக்கனி புருஷனுக்கு இன்னும் குறைவு, ஜெயக்கொடிக்கு நிழல் மாதிரி. தர்மருக்குப் புருவம் மட்டும் அரும்பியிருந்தது. அவருக்குப் பின்னால் ராஜகனி வெறுந்தலையோடு, துணிகூடக் கட்டாமல், அரைக் குடத்துக்கு ஒரு சின்னக் குடத்தைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் முழுத் தலை முடியோடு நான். அவர் அட்டையைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை.

ராஜகனியின் முறை வந்தது. குடம் நிறைந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"தூக்கிவிடு மதினி."

இடுப்புக்குக் குடத்தைத் தூக்கிவிடுவது எங்கள் தெருவில் எதிரிக்கும் செய்கிற காரியம். நான் ஒரு விநாடி நின்றேன். ஒரு விநாடிதான், ஆனால் அதை அவள் பார்த்தாள், பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். பிறகு குனிந்து, குடத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவள் இடுப்பில் வைத்தேன். தண்ணீர் என் கையெல்லாம் வழிந்தது.

"பயப்படாத," என்றாள் ராஜகனி. "எனக்குக் கொட்டி முடிஞ்சிருச்சு."

மறு வியாழக்கிழமை விடியும் முன்னே எழுந்து, மடியில் துண்டை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உச்சியில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். வலித்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை, பலமாக இழுத்தேன். அப்போதும் வரவில்லை. காலண்டரில் தாளைக் கிழித்துப் பார்த்தேன், நல்ல நாள் என்றுதான் போட்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள், வெகு நேரம் அந்தத் துண்டை மடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.